ஆறுதல் ஊர்தி

பல்செட்காரர் அந்தக் காரை வாங்கியதற்கு ஒரே காரணம், அன்றைக்கு அந்த இடத்தில் அதைவிட மலிவாக எதுவும் இல்லை என்பதுதான். பழைய இரும்புக்காரரின் கொட்டகையில், துருப்பிடித்த கட்டில்களுக்கும் கதவில்லாத குளிர்பெட்டிகளுக்கும் நடுவே, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. இரண்டே சீட். பின்னால் ஒரு சின்னப் பெட்டி வைக்கலாம், பெட்டி சம்மதித்தால். மழை பெய்தால் இடப்பக்கக் கதவு திறக்காது. வெயில் ஏறினால் ஹாரன் தானாக அடித்துக்கொள்ளும். பழைய இரும்புக்காரர் முதலில் ஒரு வாஷிங் மெஷின் விலை சொன்னார். பிறகு, எடுத்துக்கொண்டு போனால் இடமாவது காலியாகும் என்று அதிலும் பாதிக்கு இறங்கி வந்தார்.

பல்செட்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. ஊரில் உள்ள பல் டாக்டர்களுக்கெல்லாம் அவர்தான் பல்செட் செய்துகொடுப்பவர். மேல் வரிசை, கீழ் வரிசை, முழு செட் என்று அட்டைப் பெட்டியில் அடுக்கி, பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுவிடுவார். பல்செட்டுகள் கால் நீட்ட இடம் கேட்பதில்லை. கல்யாணம் ஆனதும் அட்டைப் பெட்டி மனைவியின் மடிக்குப் போனது. மகள் பிறந்ததும் மடி மகளுக்கு, பெட்டி காலடிக்கு. மனைவி அந்தக் காருக்கு வைத்த பேர் 'உங்க மூத்த சம்சாரம்'. காலையில் அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தால், "பெரியவளைக் குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னா சின்னவளுக்குக் கொஞ்சம் காய்கறி வாங்கிட்டு வர்றீங்களா?" என்று சமையலறையிலிருந்தே கேட்பாள்.

இரண்டாவது குழந்தை வயிற்றில் வளர ஆரம்பித்ததும் மடி என்ற வசதி மெல்ல மெல்ல இல்லாமல் போனது. மகளுக்கு உட்கார இடமில்லை. மனைவியை அந்தக் காருக்குள் இறக்குவது கிணற்றுக்குள் வாளியை இறக்குவது போலவும், வெளியே எடுப்பது நிரம்பிய வாளியை எடுப்பது போலவும் ஆயிற்று. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வார்டுபாய்கள் சேர்ந்து தூக்கவேண்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்ட டாக்டரம்மா, இனிமேல் இந்தத் தட்டில் இவளை ஏற்றிக்கொண்டு வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆக, நாலு பேர், நாலு கதவு, குழந்தை பிறப்பதற்கு முன்னால். பல்செட்காரரின் கையிருப்பை வைத்துப் பார்த்தால் இரண்டு கதவுக்குத்தான் வந்தது.

இந்த நிலையில்தான் பெட்ரோல் போடுகிற இடத்தில் கோட்டும் தொப்பியும் அணிந்த ஒரு பெரிய மனிதர் அவருடைய காரைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். காரை ஒருமுறை சுற்றி வந்தார். ஜன்னலருகே குனிந்து, தாழ்ந்த குரலில், "இதை நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். பெற்ற தாயை அடிக்கிறீர்களாமே என்று விசாரிப்பவரின் குரல் அது. பல்செட்காரர் ஆமாம், தினமும்தான் என்றார். பெரிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் காரைச் செய்த தொழிற்சாலை எப்போதோ மூடிவிட்டது, உலகத்தில் மிச்சம் இருப்பது ஏழே ஏழு, அதற்கு இன்றைய விலை தோட்டத்தோடு கூடிய ஒரு வீடு என்பதை அவரிடமிருந்துதான் பல்செட்காரர் தெரிந்துகொண்டார். அன்று அவர் வீட்டுக்கு மிதமான வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். தோட்டத்தோடு ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது திருப்பங்களில் ஜாக்கிரதையாக இருக்கத் தோன்றுமல்லவா. வீடு சேர்ந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் 'விற்பனைக்கு' என்று எழுதிப் பின்கண்ணாடியில் ஒட்டினார்.

மறுநாள் காலையிலேயே கோட் போட்ட இரண்டு பேர் வந்து அந்தத் தாளை உரித்தெடுத்தார்கள். தாங்கள் தொன்மை விரைவுந்துப் பேரவையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். ஸ்போர்ட்ஸ் காரை விரைவுந்து என்று அழைப்பவர்கள் உலகத்தில் அந்தப் பேரவைக்காரர்கள் மட்டும்தான். தலைவர் அழைப்பதாகவும், பேரவையில் உறுப்பினராக இருந்துகொண்டு இப்படித் தாள் ஒட்டுவது முறையல்ல என்றும் சொன்னார்கள். தான் எதிலும் உறுப்பினர் இல்லையே என்றார் பல்செட்காரர். அவர் இல்லைதான், ஆனால் அவருடைய கார் உறுப்பினர். அது பிறந்த நாளிலிருந்தே உறுப்பினர். அவர் அதற்குத் துணைக்கு வருபவர் மட்டுமே என்று அவர்கள் விளக்கினார்கள்.

பேரவைக் கட்டடத்தில் கால் புதைகிற கம்பளம் விரித்திருந்தது. நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள், நீலப் பட்டுத்துணியின் மேல், ஒரு ஆணி இருந்தது. எந்தக் காரிலிருந்து விழுந்தது என்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லையாம், ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் பெரிய மரப்பலகை. அதில் மேல்வரியில் 'எஞ்சியவை' என்றும் கீழ்வரியில் 'மதிப்பு' என்றும் பித்தளையில் பொறித்திருந்தார்கள். 'எஞ்சியவை'க்குப் பக்கத்தில் 7 தொங்கியது. அதற்குக் கீழே வரிசையாக ஆறு, ஐந்து, நான்கு என்று மற்ற எண்களும் துடைத்து, மெருகேற்றி, தயாராகக் கொக்கியில் மாட்டப்பட்டிருந்தன. எட்டைக் காணோம். அது தேவைப்படாது என்று உருக்கிவிட்டார்கள்.

பெட்ரோல் நிலையத்துப் பெரிய மனிதர்தான் தலைவர். ஏழில் மூன்று அவருடையவை. அவர் ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, பேச்சுவார்த்தையைப் பொருளாளர் நடத்தினார். பல்செட்காரர் தன் வீட்டு நிலைமையைச் சொன்னார். மனைவி, மகள், வரப்போகிற குழந்தை, டாக்டரம்மாவின் தட்டு. காரை விற்றுவிட்டு ஒரு சாதாரண நாலு கதவு வண்டி வாங்கிக்கொள்கிறேன், மிச்சம் எதுவும் வேண்டாம், உங்களில் யாராவது எடுத்துக்கொள்ளுங்களேன் என்றார். 

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"விலைன்னா என்னன்னு நினைச்சீங்க?" என்றார் பொருளாளர், கோபமில்லாமல். "ஒருத்தர் குடுத்து இன்னொருத்தர் வாங்கிக்கிறதா? அது கத்திரிக்காய். இங்க விலை ஏறுறதே யாரும் விக்காததாலதான். ஏன் விக்கலை? விலை ஏறுதே, அதனால. ரொம்ப நாளா இந்தச் சக்கரம் தடங்கல் இல்லாம சுத்துது. நீங்க நடுவுல போய் நிஜமாவே வித்துட்டீங்கன்னா, நிஜமாவே எவ்வளவு கிடைக்கும்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். அப்புறம் நாங்க எந்த முகத்தை வச்சுக்கிட்டு மதிப்பு சொல்றது?"

"அப்ப இதுவரைக்கும் யாருமே வித்தது இல்லைங்களா?"

விற்றிருக்கிறார்கள். பேரவை வரலாற்றில் ஒரே ஒரு விற்பனை பதிவாகியிருந்தது. உறுப்பினர்கள் இருவர் ஒரே மாதிரியான தங்கள் இரண்டு கார்களை ஒரே நாளில், ஒரே விலைக்கு, ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டார்கள். பணம் கைமாற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. கார்களும் இடம் மாறவில்லை. விலை மட்டும் பத்திரிகைகளில் வந்தது. அதைப் பொருளாளர் மிகுந்த மரியாதையுடன் நினைவுகூர்ந்தார்.

"அப்ப எங்கிட்ட தோட்டத்தோட ஒரு வீடு இருக்கு. ஆனா குடி போகவும் முடியாது, விக்கவும் முடியாது" என்றார் பல்செட்காரர், தனக்குப் புரிந்ததைச் சரிபார்த்துக்கொள்ள.

"பரவாயில்லையே, சீக்கிரமா பிடிச்சுக்கிட்டீங்க" என்றார் பொருளாளர்.

ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருந்தது. விற்பனை அனுமதி கேட்டு யாரும் மனுப் போடலாம். மனுவோடு அசல்தன்மைச் சான்றிதழ் இணைக்கவேண்டும். சான்றிதழ் தருகிற சோதகர் தற்போது அந்த ஆணியில் மும்முரமாக இருக்கிறார். அழைப்பு வரும்வரை காத்திருக்கவேண்டும். பல்செட்காரர் மனுப் போட்டுவிட்டு வந்தார்.

அதற்கிடையில் ஆண்டுப் பேரணி வந்தது. கட்டாயம் கலந்துகொள்ளவேண்டும் என்றார்கள். பல்செட்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டு, காரைக் கழுவி, ஓட்டிக்கொண்டு போனார். அங்கேதான் அவருடைய முதல் தவறு நடந்தது. மற்ற ஆறு கார்களும் ஆறு லாரிகளின் மேல், கயிறு கட்டி, மெத்தை வைத்து நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு காருக்குள்ளும் அதன் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ தோல் கையுறையும் காற்றுக் கண்ணாடியும் அணிந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஊர்வலம் புறப்பட்டது. லாரிகள் நடக்கிற வேகத்தில் போயின. லாரி இடப்பக்கம் திரும்பும்போது மேலே இருந்தவர்கள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார்கள். சிலர் வாயால் லேசாக உறுமியதாகவும் தெரிந்தது. கடைசியில், தரையில், சொந்தச் சக்கரத்தில், பல்செட்காரர் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தார். ரோட்டோரம் நின்றவர்கள் லாரிகளை விட்டுவிட்டு இவரைப் பார்த்துக் கை அசைத்தார்கள். வெயில் ஏறியதும் ஹாரன் வேறு அடிக்க ஆரம்பித்தது.

பேரணி முடிந்ததும் தலைவர், பெட்ரோல் நிலையத்துக்குப் பிறகு முதல்முறையாக, அவரிடம் நேரடியாகப் பேசினார். "உங்க வண்டி எஞ்சின் சூடாயிருக்கு" என்றார். ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிச் சந்தேகம் எழுப்புகிறவர் போல, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

அடுத்த வாரம் இரங்கல் கூட்டம். உறுப்பினர் ஒருவருடைய காரை வைத்திருந்த கொட்டகையின் கூரை சரிந்து, கார் அப்பளமாகிவிட்டது. உறுப்பினர்கள் கறுப்பு நாடா குத்திக்கொண்டு வந்தார்கள். மேடையில் அந்தக் காரின் பெரிய படத்துக்கு வெள்ளைப் பூ வளையம். தலைவர் எழுந்து, துக்கத்தில் குரல் கம்ம, இந்த இழப்பு ஈடு செய்ய முடியாதது என்றார். ஈடு செய்ய முடியாதது என்பதை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அவையில் ஒரு இதமான சலசலப்பு ஓடியது. பிறகு மௌன அஞ்சலி. மௌனம் முடிந்ததும் பொருளாளர் ஸ்டூலில் ஏறி, பித்தளை 7ஐ எடுத்துவிட்டு 6ஐ மாட்டினார். கீழே 'மதிப்பு' என்ற இடத்தில் தோட்டத்தோடு கூடிய வீடு, மாடியும் கொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததைப் பல்செட்காரர் கவனித்தார். பறிகொடுத்தவரிடம் எல்லோரும் கை கொடுத்தார்கள். இவ்வளவு நெகிழ்ந்து நன்றி சொல்லும் இரங்கலைப் பல்செட்காரர் அதற்குமுன் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு சடங்கு. காரை இழந்த உறுப்பினர் நடந்து வீட்டுக்குப் போகக்கூடாது என்பது நிறுவனர் எழுதிவைத்துவிட்டுப் போன விதி. ஆகவே அவருக்குப் பேரவை ஒரு வண்டி தரும். அதற்குப் பெயர் ஆறுதல் ஊர்தி. துக்கம் ஆறும்வரை வைத்துக்கொள்ளலாம். துக்கம் எப்போது ஆறியது என்று சொல்லவேண்டியது அவரவர் பொறுப்பு. இதுவரை யாரும் சொல்லவில்லை. தலைவர் சாவியை விரல் நுனியால் பிடித்து நீட்டினார். பறிகொடுத்தவர் அவமானத்தில் கூனிக் குறுகி வாங்கிக்கொண்டார். எல்லோரும் பின்பக்கம் போய் அவரை வழியனுப்பினார்கள். அங்கே பல்செட்காரர் அதைப் பார்த்தார். சாம்பல் நிறம். நாலு கதவு. பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். சீட் நாற்காலி உயரம். டிக்கியில் ஒரு தொட்டிலையே வைக்கலாம். அதைப்போல இன்னும் ஐந்தாறு சாம்பல் வண்டிகள் வரிசையாக நின்றன. பேரவை நல்ல எதிர்பார்ப்போடு மொத்தமாக வாங்கி வைத்திருந்தது.

"பாவம், இனிமே இதுலதான் போகணும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பல்செட்காரர் நாலு கதவையும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கதவு எத்தனை என்று மட்டும் இரண்டாவது முறை கேட்டாள்.

ஒருவழியாகச் சோதகர் வந்தார். அப்போது பிரசவத்துக்கு அதிக நாள் இல்லை. பல்செட்காரரின் பட்டறையில், அலமாரி நிறைய வாய் பிளந்து நிற்கும் சாந்துத் தாடைகளுக்கு நடுவே, காரை நிறுத்தியிருந்தார்கள். சோதகர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பல்செட்காரரிடமே ஒரு வாய்க் கண்ணாடியை இரவல் வாங்கி, காரின் அடியிலும் இடுக்கிலும் விட்டுப் பார்த்தார். அசல், அசல் என்று முனகிக்கொண்டே போனார். ஒவ்வொரு அசலுக்கும் பல்செட்காரருக்கு நம்பிக்கை ஏறியது. உள்ளே உட்கார்ந்து கியரில் கை வைத்தவர், கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இந்தக் குமிழ் என்ன நிறம்?"

"ஈறு நிறம்ங்க" என்றார் பல்செட்காரர். பழைய குமிழ் நடு ரோட்டில் கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு மேல் வரிசைக்குக் கரைத்த கலவை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதிலேயே வார்த்து மாட்டிவிட்டேன், நன்றாகப் பிடிமானமாக இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார். 

சோதகர் வெளியே வந்து கையுறைகளைக் கழற்றினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வருகிற டாக்டரின் முகத்தோடு, "வீட்டுல வேற யாராவது இருந்தா கூப்பிடுங்க" என்றார். மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அது எப்ப நடந்துச்சு?"

"நாலு வருஷம் இருக்கும்ங்க."

"அப்ப நாலு வருஷமா அது இல்ல." சோதகர் தலையைக் குனிந்துகொண்டார். "அசல் குமிழ் போன அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சு. தகவல்தான் எங்களுக்கு இப்ப வந்திருக்கு."

"நேத்துகூட நாலு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேனே சார். ஓடுதே."

"ஓடுறது வேற, இருக்கிறது வேற" என்றார் சோதகர். விதிப்படி ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கவேண்டும் என்பதால் சாவியைத் திருப்பினார். கார் முதல் திருப்பிலேயே உறுமி, அலமாரித் தாடைகளெல்லாம் கடகடவென்று ஆடின. சோதகர் அந்தச் சத்தத்தில் கத்திச் சொல்லிக்கொண்டே எழுதினார்: உயிர்க்குறி எதுவும் தென்படவில்லை.

பல்செட்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோட்டம் போயிற்று, மாடி போயிற்று, விற்பனை அனுமதியும் போயிற்று. செத்த காருக்கு எந்தக் கடையில் நாலு கதவு தருவார்கள்? இன்னும் கொஞ்ச நாளில் மனைவியை எதில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? 

மனைவி முந்திக்கொண்டாள். அவள் குரலில் துக்கம் சரியான அளவில் இருந்தது.

"அப்ப எங்களுக்கு அந்தச் சாம்பல் கலர் வண்டி உண்டுங்களா?"

பல்செட்காரரின் காருக்கான இரங்கல் கூட்டம் அந்த வாரக் கடைசியில் நடந்தது. ஆட்டோ எதுவும் கிடைக்காததால், குடும்பம் மொத்தமும் இறந்த காரிலேயே போய் இறங்கவேண்டியதாயிற்று. மகள் கியர்க் குமிழுக்கும் அம்மாவின் வயிற்றுக்கும் நடுவே மடிந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற உறுப்பினர்கள், மனைவியை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கி நிறுத்தி, ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்கள். எதிலிருந்து தூக்கினோம் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. காரை எங்கே நிறுத்துவது என்று பல்செட்காரர் கேட்டதற்கு, வாட்ச்மேன் எந்தக் காரை என்று திருப்பிக் கேட்டார். அவருக்கும் சுற்றறிக்கை போயிருந்தது.

மேடையில் அதே பூ வளையம். தலைவர் பேசினார். மறைந்த கார் எளிமையாக வாழ்ந்தது, சாமானியர்களின் பற்களுக்காகத் தன்னைத் தேய்த்துக்கொண்டது, கடைசிவரை ரோட்டில் இருந்தது என்றார். ரோட்டில் என்ற சொல்லை அவர் எப்படியோ சந்தி சிரித்த குடும்பத்தைப் பற்றிச் சொல்வதுபோல உச்சரித்தார். அதன் இழப்பும் ஈடு செய்ய முடியாதது. பொருளாளர் ஏற்கனவே ஸ்டூலைப் பலகைக்கு அடியில் நகர்த்தி வைத்திருந்தார்.

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். வெளியே உச்சி வெயில். 

ஹாரன் அடித்தது.

முதலில் சின்னதாக ஒன்று. பிறகு நீளமாக. பிறகு, அது எப்போதும் செய்வதுபோல, விட்டு விட்டு, யாரையோ கூப்பிடுவதுபோல. கூடத்தில் ஒரு தலையும் அசையவில்லை. பல்செட்காரருக்கு மட்டும் வேர்த்தது. பழக்கதோஷம், ஹாரன் அடித்தால் அவர் ஓடிப்போய் பானெட்டைத் தட்டிவிட்டு வருவார். கால் தானாக ஒரு எட்டு எடுத்து வைத்தது. மனைவி அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, நம்ம கார்" என்றாள் மகள்.

அவ்வளவு பெரிய மௌனத்தில் அது தெளிவாகக் கேட்டது. சோதகர் கண்ணைத் திறந்தார். பொருளாளரின் கை பித்தளை எண்ணின் மேலேயே நின்றது. ஆறா, ஐந்தா? யாராவது ஒருவர், ஆமாம், வெளியே ஒரு கார் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும்: மதிப்பு ஏறாது, சாவி வராது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

தலைவர் மெல்ல நடந்து வந்து மகளின் தலையில் கை வைத்தார். "ரொம்பப் பாசமா இருந்தா இப்படித்தான் கண்ணு, போனதுக்கப்புறமும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். பிறகு அவையைப் பார்த்து, "எனக்குக்கூடக் கேக்குது" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக, தங்களுக்கும் கேட்பதாக உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். பொருளாளர் ஐந்தை மாட்டினார். மதிப்பு ஒரு சிறிய ஆஸ்பத்திரியைத் தொட்டது.

தலைவர் நீட்டிய சாவியை, கூனிக் குறுக வேண்டிய இடத்தில், பல்செட்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மனைவி முந்தியே போய்ச் சாம்பல் வண்டியின் பின்கதவைத் திறந்து, நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடினாள். அவள் முகத்தைப் பார்த்த உறுப்பினர் ஒருவர், இவ்வளவு துக்கத்தைத் தாங்கிக்கொள்கிற மனசு பெண்களுக்குத்தான் உண்டு என்று இன்னொருவரிடம் சொன்னார். அதே வண்டியில்தான் அடுத்த வாரம் பல்செட்காரர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வரும்போது நாலு பேர் இருந்தார்கள். பிறந்தது பையன். டாக்டரம்மா வாசல்வரை வந்து சீட்டின் உயரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இறந்த கார் பழையபடி பல்செட் கொண்டுபோகிற வேலைக்குத் திரும்பியது. பேரவைக்காரர்கள் ரோட்டில் அதைப் பார்க்க நேர்ந்தால், ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகளைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மனைவி மட்டும் அதன்மேல் கொஞ்சம் கனிவு காட்டத் தொடங்கினாள். "பெரியவ போற காலத்துல நமக்கு ஒரு நல்லது பண்ணிட்டுத்தான் போயிருக்கா" என்பாள், அது வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே.

ஒருநாள் பகலில், ஒரு முழு செட்டை அவசரமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தபோது, மேம்பாலத்துக்கு அடியில் ஒரு லாரி டயர் வெடித்து நிற்பதைப் பல்செட்காரர் பார்த்தார். லாரியின் மேல் ஒரு கார். கீழே, ரோட்டோரத்தில், கோட்டும் தொப்பியுமாகத் தலைவர், கையில் கறுப்பு நாடா. வேறொரு உறுப்பினரின் காரும் போய்விட்டதாம். அதற்கான இரங்கல் கூட்டம் இன்னும் சற்று நேரத்தில். தலைவர் இல்லாமல் எண்ணை மாற்ற முடியாது. பல்செட்காரர் நிறுத்தி, பெட்டியை எடுத்துக் காலடியில் வைத்து, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். தலைவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே இறங்கினார்.

 மேம்பாலம் ஏறியதும் காற்று தொப்பியைத் தூக்கப் பார்த்தது. தலைவர் அதைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"இது இன்னும் கொஞ்சம் வேகமா போகுமா?" என்றார், முன்னால் பார்த்தபடியே.

"போகுமே. சாருக்குத் தெரியாததா? நீங்க ஓட்டிப் பார்த்ததே இல்லீங்களா?"

"நான் மூணு வச்சிருக்கேன்" என்றார் தலைவர்.

பல்செட்காரர் கியரை மாற்றி அழுத்தினார். கார் பாலத்தின் வளைவை ஒட்டி வழுக்கிக்கொண்டு போனது. தலைவரின் வாய் தானாகத் திறந்துகொண்டது. எழுபது வயது முகத்தில் பற்கள் எல்லாம் தெரிந்தன. அவற்றில் மேல் வரிசை தன் கைவேலைதான் என்பதைப் பல்செட்காரர் ஒரே பார்வையில் கண்டுகொண்டார். தலைவர் தயங்கித் தயங்கி ஒரு விரலால் அந்த ஈறு நிறக் குமிழைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையையே வைத்தார். பேரவைத் தெரு வரும்வரை எடுக்கவில்லை.

தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொன்னார். இறங்கி, கோட்டைத் தட்டிவிட்டு, கறுப்பு நாடாவைக் குத்திக்கொண்டார். முகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"நான் இதுல வந்தேன்னு அங்க யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தார்.

"எதுல சார்?" என்றார் பல்செட்காரர்.

தலைவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேரவையில் இப்படி ஒரு நல்ல உறுப்பினரை இழந்துவிட்டோமே என்ற வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது. திரும்பி நடக்க ஆரம்பித்தார். வெயில் ஏறியிருந்தது. அவர் பத்தடி போவதற்குள் ஹாரன் அடித்தது.

தலைவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அது அடித்து ஓய்கிறவரை அப்படியே நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, விலையை ஏற்ற உள்ளே போனார்.